விரால் விரலிக்கு எவ்வளவு தீனி?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் நீ கேட்டிருக்கும் கேள்வி இரண்டே வரிதான். ஆயினும் அதன் அடியில் கிடக்கும் ஒரு தவறான எண்ணம் நம் நாட்டு மீன் வளர்ப்போரிடையே வெகுவாக வேரூன்றிவிட்டபடியால், இரண்டு வரியிலேயே விடை எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "தீவன மூட்டையில் அச்சிட்ட அட்டவணைப்படி, உடல் எடையில் ஐந்து சதவீதம் போடுகிறேன், மாதம் ஒரு முறை எடை பார்க்கிறேன், ஆனாலும் விரால் விரலிகள் ஒன்றையொன்று விழுங்குகின்றன, சதவீதத்தை எவ்வளவு உயர்த்தலாம்?" என்று எழுதியிருக்கிறாய். விராலின் நிறமும் செதிலும் எப்படி அதன் பிறவியோடு வந்தவையோ, அப்படியே இந்த ஐந்து என்னும் எண்ணும் அதனோடு பிறந்தது என்பது உன் எண்ணம். இன்று ஒரு மீனுக்குப் பொருந்தும் சதவீதம் பத்து நாள் கழித்து அதே மீனுக்குப் பொருந்தாது என்பதை நீ உணர்ந்திருந்தால், "எத்தனை சதவீதம்" என்று கேட்பதற்கு முன்னால் "எந்த நீளத்தில்" என்று கேட்டிருப்பாய்.

விரால் புலாலுண்ணும் மீன் என்பதும், செவுளுக்கு மேலுள்ள அறையால் காற்றைச் சுவாசிக்கும் என்பதும், பார்வைக்கு அழகிய அதன் செந்நிறக் குஞ்சுகள் பெற்றோரின் காவலில் திரளாக நீந்தித் திரியும் என்பதும் நீ அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். நேரே கணக்குக்கு வருவோம்.

நியூயார்க் மாநிலத்தின் டிரவுட் மீன் பண்ணைகளில் பணியாற்றிய டேவிட் ஹாஸ்கெல் என்பவரும் அவருடைய சகாக்களும் 1952ஆம் ஆண்டில் ஒரு தீவன அட்டவணையை வெளியிட்டார்கள். டிரவுட்டும் விராலைப் போல நன்னீரில் வாழும் புலாலுண்ணியே. குளிர்ந்த நீரை விரும்புவது என்பதுதான் வேற்றுமை. அட்டவணை தயாரிப்பதோடு ஹாஸ்கெல் திருப்தி அடையவில்லை. அந்த எண்கள் ஏன் அப்படி அமைகின்றன என்று ஆராய்ந்து, 1959இல் ஒரு சூத்திரத்தை வகுத்துக் கொடுத்தார். அந்தச் சூத்திரத்தை நான் முதன்முதலில் படித்த காலத்தில் அது என் உள்ளத்தில் எழுப்பிய ஆனந்தம் இன்றும் குறையவில்லை. மீன் வளர்ப்பு சாஸ்திரத்தில் இத்தனை சிறிய வடிவத்தில் இத்தனை பெரிய உண்மையை அடக்கிய பிறிதொன்றை நான் கண்டதில்லை. ஆகையால் அதைச் சற்று விரிவாகவே சொல்வேன், பொறுமையோடு படி.

ஒரே உஷ்ணநிலையில், வயிறார உண்ணும் இளமீன், நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு நீளம் கூடுகிறது என்பது ஹாஸ்கெல் கண்ட முதல் உண்மை. மீனின் எடையோ நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைத் தொடர்ந்து செல்வது. நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். எனவே, நீளம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடும்போது எடை நூற்றுக்கு மூன்று பங்கு கூடும். இவ்வளவுதான் மூலதத்துவம். இனி உன் விராலுக்கு வா. நாளொன்றுக்கு அது 1 மில்லிமீட்டர் வளர்கிறது என்றும், ஒன்றரைக் கிலோ தீவனம் ஒரு கிலோ மீனாக மாறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் விரலிக்கு 1 மில்லிமீட்டர் என்பது அதன் நீளத்தில் நூற்றுக்கு இரண்டு; எடையில் நூற்றுக்கு ஆறு; அந்த ஆறை உண்டாக்க வேண்டிய தீவனம் நூற்றுக்கு ஒன்பது. 10 சென்டிமீட்டர் மீனுக்கு அதே 1 மில்லிமீட்டர் நூற்றுக்கு ஒன்றுதான், எடையில் மூன்று, தீவனத்தில் நாலரை. 20 சென்டிமீட்டர் மீனுக்கு இரண்டேகால். அதாவது, 450 என்னும் எண்ணை மில்லிமீட்டரில் அளந்த நீளத்தால் வகுத்தால் அன்றைய சதவீதம் கிடைத்துவிடுகிறது. மூட்டை அட்டவணையில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே, நேற்று எட்டாக இருந்தது இன்று ஐந்தாகத் திடீரென்று சரிகிறதே, அத்தகைய பள்ளம் இயற்கையில் எங்கும் இல்லை. சதவீதம் நாள்தோறும் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 450 என்பதை ஓர் ஓலையில் எழுதிக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிடாதே. ஐந்து என்ற எண்ணை வழிபட்டவன் நானூற்றைம்பதை வழிபடத் தொடங்குவதற்கா நான் இவ்வளவு எழுதுகிறேன்? உன் குளத்து மீன் நாளொன்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் வளர்கிறது என்பதையும், உன் தீவனம் எத்தனைக்கு எத்தனை மீனாக மாறுகிறது என்பதையும் நீயே அளந்து, உன் குளத்துக்குரிய எண்ணை நீயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வளர்ச்சி முக்கால் மில்லிமீட்டராக இருந்தால் அந்த எண் 450 ஆகாது. 340க்குக் கீழே இறங்கிவிடும்.

இப்போது உன் குளத்தில் நடந்தது என்ன என்று பார்ப்போம். தலைக்கு 1 கிராம் எடையும் 5 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஆயிரம் விரலிகளை விட்டாய் என்று கொள். மொத்தம் 1 கிலோ. உன் ஐந்து சதவீதப்படி நாளொன்றுக்கு 50 கிராம் தீவனம். தேவையோ 90 கிராம். முதல் நாளிலேயே பாதியளவு பட்டினி தொடங்கிவிட்டது. போகட்டும், அது சிறிய பிழை. முப்பது நாள் நீ எடை பார்க்கவில்லை. மீன்கள் வளர வேண்டிய முறைப்படி வளர்ந்திருந்தால் அவற்றின் நீளம் 8 சென்டிமீட்டர். எடை ஒவ்வொன்றும் 4 கிராமுக்குச் சற்று மேல். மொத்தம் 4 கிலோவுக்கு மேல். அன்றைய தேவை, சதவீதம் ஐந்தரைக்கு அருகே இறங்கிவிட்ட போதிலும், 230 கிராம். நீ போட்டுக்கொண்டிருந்ததோ அதே 50 கிராம்; அது அன்றைய எடையில் நூற்றுக்கு ஒன்றேகால் கூட இல்லை. மாதம் முழுவதும் ஐந்து சதவீதம் போட்டதாக நீ மனமார நம்புகிறாய். ஐந்து சதவீதம் போட்டது ஒரே ஒரு நாள்தான் என்பதை உன் கணக்குப் புத்தகமே சாட்சி சொல்லும். சதவீதம் இறங்க இறங்கத் தீவனத்தின் அளவும் இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மெய்யாக, நீளம் இரட்டிக்கும்போது சதவீதம் பாதியாகிறது, தீவனமோ நான்கு மடங்காகிறது. இந்த இரண்டையும் ஒருங்கே மனத்தில் இருத்தாதவன் மீனுக்குத் தீனி போடும் பொறுப்பை ஏற்கலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

குஞ்சுப் பருவத்தில் பத்து நாள் என்பது நீண்ட காலம். 5 சென்டிமீட்டர் மீன் பத்து நாளில் 6 சென்டிமீட்டராகும்போது அதன் எடை முக்கால் பங்குக்கு அருகே கூடிவிடுகிறது. 20 சென்டிமீட்டர் மீன் 21 ஆகும்போது கூடுவது ஆறில் ஒரு பங்குதான். ஆகவே பெரிய மீனுக்கு மாதம் ஒரு முறை அளவெடுப்பது போதுமென்றால், விரலிக்கு வாரம் ஒரு முறை கட்டாயம்.

தீவனத்தின் அளவு நீளத்தின் இருமடிப் பெருக்கத்தைத் தொடர்கிறது என்று சொன்னேன் அல்லவா? நீளத்தின் இருமடி என்பது பரப்பு. மீனின் தோலும், செவுளும், குடலின் உட்சுவரும் பரப்புகளே. ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ரூப்னர் 1883இல், பெரியதும் சிறியதுமான நாய்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை ஒப்பிட்டு, அது எடையைக் காட்டிலும் உடற்பரப்பையே பின்பற்றுகிறது என்று நிறுவ முயன்றார். மாக்ஸ் க்ளைபர் 1932இல் கலிபோர்னியாவில் இருந்துகொண்டு, பரப்புக் கணக்கு முற்றும் பொருந்தாது, எடையின் முக்கால் அடுக்கே பொருந்தும் என்று திருத்தினார். மீன்களைப் பற்றிய எண்ணற்ற அளவீடுகளைத் திரட்டி 1956இல் மின்ஸ்க் நகரில் நூல் எழுதிய வின்பெர்க், மீன்களின் சுவாசம் எடையின் 0.8 அடுக்கைப் பின்பற்றுகிறது என்று கண்டார். அந்த ருஷ்ய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை நான் பல இரவுகள் கண்விழித்துப் படித்திருக்கிறேன். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மீன் தன் உயிரைக் காத்துக்கொள்வதற்கே எவ்வளவு செலவிடுகிறது என்னும் கணக்கு விரிகிறது. வின்பெர்க்கின் அடுக்கை எடுத்துக்கொண்டால், நீளம் இரட்டிக்கும்போது பிழைப்புக்கான செலவின் சதவீதம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஹாஸ்கெலின் வளர்ச்சிச் சதவீதமோ பாதியாகிறது. மீனின் பசி இவ்விரண்டும் சேர்ந்தது. பிழைப்பதற்கு ஒரு பங்கு, வளர்வதற்கு ஒரு பங்கு; இளமையில் வளர்ச்சியின் பங்கு ஓங்கி நிற்கிறது, முதுமையில் பிழைப்பின் பங்கு ஓங்கி நிற்கிறது. கால் நூற்றாண்டு இதைச் சிந்தித்த பிறகு என் துணிபு இதுதான்: இளமீன் வளர்ப்பவன் தராசைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அளவுகோலை எடுக்க வேண்டும். ஈரமும் சேறும் துள்ளலும் தராசைப் பொய் சொல்ல வைக்கும். நனைந்த துணியின் மேல் கிடத்திய மீனின் நீளம் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

உஷ்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவின் நனைமோ ஆராய்ச்சி நிலையத்தில் ஜே.ஆர். ப்ரெட் என்பவரும் உடனிருந்தோரும், சாக்ஐ சால்மன் விரலிகளை 1 பாகை முதல் 24 பாகை செல்சியஸ் வரையுள்ள நீரில் வைத்து, பட்டினி முதல் வயிறு நிரம்பும் வரை பல அளவுகளில் தீனி கொடுத்துச் செய்த பரிசோதனையை 1969இல் வெளியிட்டார்கள். வயிறார உண்ட மீன்கள் 15 பாகை நீரில் மிக நன்றாக வளர்ந்தன. நாளொன்றுக்கு ஒன்றரைச் சதவீதமே கிடைத்த மீன்களோ 5 பாகைக் குளிர்நீரில்தான் மிக நன்றாக வளர்ந்தன. காரணம் தெளிவு. நீர் சூடேறச் சூடேறப் பிழைப்பின் செலவு ஏறுகிறது. வரவு சிறுத்திருக்கும்போது செலவு பெருகினால் வளர்ச்சிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. விரால் வெந்நிலத்து மீன், அதன் அளவைகள் வேறு, தத்துவம் ஒன்றே. சித்திரை வெயிலில் அரைவயிறு போடப்பட்ட விரலி, மார்கழிக் குளிரில் அதே அரைவயிறு போடப்பட்ட விரலியைக் காட்டிலும் அதிகம் மெலியும். மழை மூடிய நாளிலும், நீர் குளிர்ந்து மீன் மந்தமாகிவிட்ட நாளிலும் அட்டவணையை மதித்து முழு அளவையும் கொட்டுவதைப் போன்ற மூடத்தனம் வேறில்லை. வெயில் நாளில் கையைக் கட்டிக்கொள்வதும் அதற்குச் சளைத்ததன்று.

இனி உன் உண்மையான துயரத்துக்கு வருகிறேன். விரலிகள் ஒன்றையொன்று விழுங்குவது தீனி குறைந்ததனால் மட்டும் அன்று. தீனி எல்லாருக்கும் எட்டாததனாலும் ஆகும். பந்தியில் முதல் இலைக்கு மூன்று முறை பாயசம் வந்து, கடைசி இலைக்குச் சாதமே வராமற்போனால், சமைத்த சாதத்தின் மொத்தத்தைச் சொல்லி யாரும் சமாதானம் அடைய முடியாது. குளத்தின் ஒரே மூலையில் நின்று நீ வாரி இறைக்கும் மிதவைத் தீவனத்தை வலிய மீன்கள் முந்திக்கொண்டு கவ்வுகின்றன. எளிய மீன்கள் ஓரத்தில் ஒதுங்குகின்றன. இன்று ஒரு மில்லிமீட்டராக இருந்த வேற்றுமை சில வாரங்களில் ஒரு சென்டிமீட்டராகிறது. தன் நீளத்தில் பாதியளவுள்ள உடன்பிறப்பை விரால் தயக்கமின்றி விழுங்க வல்லது. அந்தப் பாதி என்னும் எல்லை தாண்டப்பட்ட பிறகு நீ சதவீதத்தை உயர்த்தினால் விழுங்குவது குறையும், மறையாது. ஒரு முறை உடன்பிறப்பை உண்டு பருத்த மீன், அடுத்த வாரம் இன்னும் பெரிய உடன்பிறப்பை உண்ணத் தகுதி பெற்றுவிடுகிறது.

எனவே சராசரி நீளத்தை மட்டும் எழுதி வைப்பது போதாது. ஐம்பது மீன்களை அளந்தால், அவற்றுள் நீளமானது எது, குட்டையானது எது என்று குறித்துக்கொள். குட்டையானது நீளமானதன் பாதியை நெருங்கும் முன்னரே சல்லடையால் தரம் பிரித்து, வெவ்வேறு ஹாப்பா வலைக்கூண்டுகளில் விட்டுவிடு. அளவெடுக்கும் நாளின் காலைத் தீனியை நிறுத்திவிடு. நிறைந்த வயிற்றோடு கையாளப்படும் மீன் துன்புறும். ஒரு நாளைய தீனியை ஒரே வேளையில் போடாதே. நுண்குஞ்சுக்கு ஆறு வேளை, விரலிக்கு மூன்று நான்கு வேளை, அவற்றுள் விடியலும் அந்தியும் கட்டாயம். குளத்தின் சுற்றெங்கும் நடந்து பரவலாகத் தூவு. முதற்பிடியை வலிய மீன்கள் தின்று தீர்க்கட்டும்; அவை சற்றே ஓய்ந்த பிறகு தூவும் பிடியே எளிய மீன்களுக்குப் போய்ச் சேரும்.

ப்ரெட்டின் ஆராய்ச்சியில், வயிறு முற்றும் நிரம்பும் அளவுக்குச் சற்றுக் கீழே, தீவனம் மிகச் சிக்கனமாக மீனாக மாறும் ஓர் அளவு உண்டு என்றும் காட்டப்பட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, சிக்கனத்தின் பெயரால் விரால் விரலியைக் கொஞ்சம் பசியோடே வைத்திருக்கலாமே என்று நீ வாதிக்கக்கூடும். வளர்ந்த விராலுக்கு அது நல்ல யோசனை. 10 சென்டிமீட்டர் தாண்டாத விரலிக்கு அதைச் செய்யாதே. தீவனத்தில் நீ மிச்சம் பிடிக்கும் காசைக் காட்டிலும், விழுங்கப்பட்ட விரலிகளின் விலை அதிகம்.

மற்றொரு பிழையையும் இதே மூச்சில் கண்டித்துவிடுகிறேன். பழைய நூல்களில் விரால் குஞ்சுக்கு உடல் எடையில் நூற்றுக்கு இருபது என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். அவை பச்சை மீனையும் புழுவையும் அரைத்துப் போட்ட காலத்துக் கணக்குகள். பச்சை மீனில் முக்கால் பங்கு நீர். அந்த இருபதில் மெய்யான உணவு ஐந்தே பங்கு. உலர்ந்த பெல்லட் தீவனத்திலோ நீர் பத்தில் ஒரு பங்குதான். அதே உணவை ஐந்தரைப் பங்கு பெல்லட் கொடுத்துவிடும். ஈர உணவின் எண்ணை உலர் உணவுக்குப் பெயர்த்து எழுதி, மூன்றரை மடங்கு தீவனத்தைக் குளத்தில் கொட்டி, நீரைக் கெடுத்து, பிறகு நோய் வந்ததென்று மருந்துக் கடைக்கு ஓடுபவர்களைக் காணும்போது எனக்கு எழும் கோபத்தை அடக்க முடிவதில்லை. நூற்றுக்கு 45 பங்கு புரதமுள்ள 1 கிலோ தீவனத்தை மீன்கள் உண்டால், அதிலிருந்து ஏறக்குறைய 40 கிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. விரால் காற்றைச் சுவாசிப்பதனால் நீரின் தூய்மை அதற்கு வேண்டியதில்லை என்று நினைப்பது பேதைமை. சுவாசத்துக்குக் காற்று உதவலாம், கழிவை வெளியேற்ற நீர்தான் உதவ வேண்டும். மேலும், காற்றறை உருவாகாத இளங்குஞ்சுக்குச் சுவாசமும் நீரிலேதான். ஒரு தொட்டி எத்தனை மீனைத் தாங்கும் என்பதை அதில் போடும் தீனியைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும் என்று இதே ஹாஸ்கெல் 1955இல் எழுதினார். மூச்சுக்குச் செலவாகும் பிராணவாயுவும் சேரும் கழிவும் தீனியின் அளவையே பின்பற்றுகின்றன என்பது அவர் காட்டிய நியாயம்.

இவ்வளவு கண்டிப்பு ஒரு பிடி தீவனத்துக்காகவா என்று நீ எண்ணலாம். கம்போடியாவில் 2004ஆம் ஆண்டு விரால் வளர்ப்பையே அரசாங்கம் தடை செய்தது. டோன்லே சாப் ஏரியிலும் மேகாங் நதியிலும் ஏழைகள் பிடித்துண்ணும் சிறு மீன்களை அள்ளி வந்து விராலுக்குத் தீனியாக்கியது அதற்கு ஒரு முக்கிய காரணம். பெல்லட் உணவுக்குப் பழகிய விராலை வளர்க்கும் முறை உருவான பிறகு, 2016இல்தான் அந்தத் தடை நீங்கியது. நீ போடும் பெல்லட்டிலும் மீன்தூள் இருக்கிறது. அந்தத் தூளும் எங்கோ ஒரு கடலில் பிடித்த மீனே. வீணாகும் தீவனம் உன் பணத்தோடு ஒருவருடைய உணவையும் சேர்த்து வீணாக்குகிறது. போதாத தீவனமோ நீ வளர்க்க ஏற்றுக்கொண்ட உயிரைத் தன் இனத்தையே தின்னத் தூண்டுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவைக் கண்டுபிடிப்பது உன் கடமை. அந்த அளவு எந்த மூட்டையிலும் அச்சாகியிருக்காது.

இந்த வாரமே ஓர் அளவுகோலும் ஒரு கோடிட்ட நோட்டும் வாங்கு. தேதி, நீரின் உஷ்ணம், ஐம்பது மீன்களின் நீளம், அவற்றுள் பெரியதும் சிறியதும், அன்று போட்ட தீவனம், உண்ணாமல் மிதந்து கிடந்தது எவ்வளவு என்று ஆறு பத்திகள் போதும். நான்கு வாரக் கணக்கு நிறைந்ததும் அதன் பிரதியை எனக்கு அனுப்பு. உன் குளத்துக்குரிய எண்ணை இருவரும் சேர்ந்தே கணக்கிடுவோம். அதுவரை, இப்போதுள்ள விரலிகளை உடனே தரம் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் அதனதன் நீளத்தைக் கொண்டு தீனியை நிர்ணயித்து இட்டு வா. உன் தந்தையார்க்கு என் வணக்கத்தைச் சொல்.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் ஆசிரியன்